நான்கு பேருக்குச் சமமான ஒருவன்

முதுகலை படித்துக்கொண்டிருந்த 2001ஆம் ஆண்டில், விடுதிக்கு எதிரே இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் நானும் அறைத்தோழன் ஒருவனும் ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்’ என்ற வியூக விளையாட்டின் மூன்றாம் பாகத்தை ஆடுவோம். ஒரே கணினி, ஒருவர் நகர்த்தி முடித்ததும் எழுந்து மற்றவருக்கு இடம் கொடுக்க வேண்டும். சதுரங்கத்தின் பொறுமையும் அம்புலிமாமாக் கதைகளின் வண்ணமும் சேர்ந்த ஆட்டம் அது. கோட்டை கட்டி, படை திரட்டி, ஒரு நாயகனின் தலைமையில் அனுப்ப வேண்டும்.

என் நாயகன் கிராக் ஹேக் என்ற பார்பேரியன். கோடாரியும் குதிரையும் கொண்ட முரடன். ஒரு நாயகன் எட்டுத் துணைத்திறன்களை மட்டுமே கற்க முடியும் என்பது அந்த ஆட்டத்தின் விதி. என்னவன் ஏழைக் கற்றுவிட்டான். எட்டாவது இடத்தை நிலமந்திரக் கலைக்காகப் பொத்திப் பாதுகாத்து வைத்திருந்தேன். வழியில் ஒரு சூனியக்காரியின் குடிசை தெரிந்தது. உள்ளே அனுப்பினேன். அவள் ‘வேண்டுமா?’ என்று கேட்கவில்லை. கழுகுப்பார்வை என்ற திறனைக் கற்பித்து அனுப்பிவிட்டாள். போர்க்களத்தில் எதிரி சொல்லும் மந்திரத்தைக் கேட்டே கற்றுக்கொள்ள ஓரளவு வாய்ப்புத் தரும் திறன் அது. ஆடுபவர்கள் பலரும் பயனற்றவற்றின் பட்டியலில் முதலிடம் கொடுப்பது அதற்குத்தான். கற்றதை மறக்க வழியில்லை. எட்டு இடங்களும் நிறைந்துவிட்டன.

“அந்தக் குடிசைக்குள்ள உன்னை யாருடா போகச் சொன்னது?” என்று நண்பன் சிரித்தான். அந்த இரவு ஆட்டத்தில் தோற்றேன். ஆனால் ஒரு மனிதனுக்கு எட்டுத் திறன் போதும் என்று யார் முடிவு செய்தார்கள், முரடனுக்கு மந்திரம் வராது என்பதை யார் விதித்தார்கள் என்ற கேள்வி மட்டும் நெடுநாள் உடன் வந்தது. பிற்காலத்தில் தேடிப் படித்தபோது, அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறே இருப்பது தெரிந்தது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நாயகர்களின் வகையை ஆங்கிலத்தில் ‘கிளாஸ்’ என்பார்கள். தமிழில் வகுப்பு எனலாம். வகுப்பு என்றால் நமக்குப் பள்ளி அறையும் நினைவுக்கு வரும், சாதியும் நினைவுக்கு வரும். ஒன்று படித்துப் பெறுவது. மற்றொன்று பிறப்போடு ஒட்டிக்கொள்வது. இந்த இரட்டைப் பொருள் இங்கே இடையூறு அல்ல, பேருதவி. ஏனெனில் இந்த விளையாட்டுகளின் வரலாறு முழுவதும் இவ்விரு பொருள்களுக்கும் இடையே நடந்த இழுபறிதான்.

*

போர் விளையாட்டுகளில் தொடக்கத்தில் நாயகனே கிடையாது. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் செம்மைப்படுத்திய ‘க்ரீக்ஸ்ஷ்பீல்’ ஆட்டத்தில், வரைபடத்தின் மீது வைக்கப்படும் சிறு கட்டைகள் படைப்பிரிவுகளைக் குறித்தன. பகடை விழும், இழப்பு கணக்கிடப்படும், நடுவர் அறிவிப்பார். அது அதிகாரிகளைப் பழக்குவதற்கான ஆட்டம். கட்டைகளுக்குள் இருக்கும் மனிதர்களுக்குப் பெயரோ பிறப்போ தேவைப்படவில்லை.

கட்டையிலிருந்து மனிதன் வெளியே வர ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1969இல் டேவிட் வெஸ்லி என்பவர் நடத்திய ‘பிரான்ஸ்டைன்’ ஆட்டத்தில், நெப்போலியன் காலத்துப் படைகளுக்கு இடைப்பட்ட ஒரு சிற்றூரின் தனி மனிதர்களாக ஆட்டக்காரர்கள் நடந்துகொண்டார்கள். அதில் ஆடியவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னெசன், அந்த முறையைக் கற்பனை உலகத்துக்குக் கொண்டுசென்றார். இன்னொரு பக்கம், 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விளையாட்டு நூல் வெளிவந்தது. அதன் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்ட கற்பனைப் போர் விதிகளில்தான் ‘ஹீரோ’ என்ற சொல் ஓர் அளவையாக நுழைகிறது. ஹீரோ என்பவன் நான்கு வீரர்களுக்குச் சமம். சூப்பர் ஹீரோ எட்டு வீரர்களுக்குச் சமம்.

இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நாயகன் இங்கே குணத்தால் வேறுபட்டவன் அல்லன், எண்ணிக்கையால் வேறுபட்டவன். நான்கு பேரை ஒரு பொம்மையில் அடைத்தால் அவன் நாயகன். அவனுக்குக் கடந்த காலம் இல்லை, கல்வி இல்லை. அவன் ஒரு பெருக்கல் கணக்கு.

கைகாக்ஸும் ஆர்னெசனும் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்தக் கணக்குக்கு உயிர் கொடுத்தது. அதில் மூன்று வகுப்புகள்: போர்வீரன், மந்திரக்காரன், குருமார். திருடன் அடுத்த ஆண்டு வந்த துணைநூலில்தான் சேர்ந்தான். போர்வீரன் முதல் நிலையில் தொடங்கி அனுபவத்தால் உயர்கிறான். நான்காம் நிலைக்கு வரும்போது அவனுக்குக் கிடைக்கும் பட்டம் ‘ஹீரோ’. எட்டாம் நிலையில் ‘சூப்பர் ஹீரோ’. பழைய நூலின் நான்கும் எட்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. நான்கு பேருக்குச் சமமானவனாக எவனும் தொடங்குவதில்லை; ஒருவனாகத் தொடங்கி நான்காக வளர்கிறான். நாயகத்தன்மை ஓர் இருப்பாக இருந்தது, இப்போது ஒரு பயணமாகிவிட்டது.

வளர்ச்சி எல்லோருக்கும் திறந்திருந்ததா என்றால், இல்லை. அதே நூலில் குள்ளர் இனத்தவன் போர்வீரனாக மட்டுமே ஆகலாம். ஆறாம் நிலைக்கு மேல் ஏற முடியாது. ஹாபிட்டுக்கு நான்காம் நிலையே கூரை. மனிதனுக்குக் கூரையே இல்லை. வகுப்பு என்ற சொல்லின் இரு பொருள்களும் முதல் நூலிலேயே கைகோத்து வந்துவிட்டன.

*

இந்த மரபைக் கணினியில் வியூக விளையாட்டோடு இணைத்தவர்களுள் முதன்மையானவர் ஜான் வான் கேனகம். கலிஃபோர்னியாவில் அவர் நிறுவிய ‘நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங்’ 1986இல் ‘மைட் அண்ட் மேஜிக்’ வரிசையின் முதல் ஆட்டத்தை வெளியிட்டது. 1990இல் ‘கிங்ஸ் பவுண்டி’ வந்தது. களவுபோன செங்கோலைத் தேடி நான்கு கண்டங்களில் அலையும் ஒற்றை நாயகனின் கதை. தொடக்கத்தில் நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: நைட், பாலடின், பார்பேரியன், சூனியக்காரி.

வகுப்பு இங்கே ஒரு முழு வாழ்க்கைத் திட்டம். நைட் பதவி உயர்ந்தால் ஜெனரல், பிறகு மார்ஷல், பிறகு லார்டு. பார்பேரியன் உயர்ந்தால் குலத்தலைவன், போர்த்தலைவன், பேரரசன். பாதை முன்பே போடப்பட்டிருக்கிறது, விலக வழியில்லை. சூனியக்காரிக்கு மந்திரம் தொடக்கத்திலேயே தெரியும். மற்ற மூவரும் 5000 பொன் கொடுத்து அதைக் கற்கலாம். கூலி கொடுத்தால் கல்வி கிடைக்கும் என்ற சிறு கதவு மட்டும் திறந்திருந்தது.

அந்த ஆட்டத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு நாயகனுக்கும் தலைமைத்துவம் என்ற எண் இருக்கும். அவன் எவ்வளவு பெரிய படையை அடக்கி ஆள முடியும் என்பதை அது தீர்மானிக்கும். அதை மீறினால் படை அவன் சொல்லைக் கேட்காது. அந்த எண்ணை உயர்த்தும் வழிகளில் ஒன்று வழியில் கிடைக்கும் புதையல் பெட்டி. பெட்டியைத் திறந்தால் ஒரு கேள்வி வரும். பொன்னை நீயே வைத்துக்கொள்ளலாம். அல்லது குடியானவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். கொடுத்தால் தலைமைத்துவம் உயரும்.

1974ஆம் ஆண்டு நூலில் பொன்னைச் சேர்ப்பவனுக்கு அனுபவம் கூடியது. ஒரு பொற்காசுக்கு ஓர் அனுபவப் புள்ளி என்பது கணக்கு. பதினாறு ஆண்டுகள் கழித்து வான் கேனகத்தின் ஆட்டம் அதைத் திருப்பிப் போட்டது. பொன்னை இழப்பவனே தலைவனாக வளர்கிறான். இந்தப் பெட்டி பின்வந்த ஹீரோஸ் ஆட்டங்களிலும் தொடர்ந்தது; அவற்றில் ஈகைக்குக் கிடைத்த பரிசு அனுபவம். மூன்றாம் பாகத்தில் ஒரு பெட்டி 1000 பொன் தரும் அல்லது 500 அனுபவம் தரும்; 1500க்கு 1000; 2000க்கு 1500. தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதல் வாரத்தில் பொன்னை எடுத்துக் கோட்டை கட்டுவதா, அனுபவத்தை எடுத்து நாயகனை வளர்ப்பதா என்று நாள்கணக்கில் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் குடியானவர்கள் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

*

என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்புமுனை 1995க்கும் 1996க்கும் இடையில் நிகழ்ந்தது. அது பெரிய ஆரவாரமின்றி நிகழ்ந்ததால் அதிகம் பேசப்படுவதில்லை.

1995இல் வந்த ஹீரோஸ் முதல் பாகத்தில் நான்கு வகுப்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல்பு. நைட்டின் படைக்கு மன உறுதி அதிகம். பார்பேரியனுக்குக் கரடுமுரடான நிலமும் சமவெளியும் ஒன்றுதான், நடை தளராது. சூனியக்காரி கடலில் விரைவாகச் செல்வாள். வார்லாக் நெடுந்தொலைவு பார்ப்பான். இவை பிறவிக் குணங்கள். ஒரு நைட் எத்தனை போர் வென்றாலும் பார்பேரியனைப் போல நடக்கக் கற்றுக்கொள்ள மாட்டான்.

அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் துணைத்திறன்கள் என்ற ஏற்பாடு புகுந்தது. மொத்தம் பதினான்கு, ஒவ்வொன்றிலும் தொடக்கம், உயர்வு, வல்லமை என மூன்று படிகள். அந்தப் பட்டியலைப் பழைய ஆட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. நைட்டின் மன உறுதி இப்போது ‘தலைமை’ என்ற திறன். பார்பேரியனின் தளரா நடை ‘வழியறிதல்’. சூனியக்காரியின் கடல் வேகம் ‘கப்பலோட்டம்’. வார்லாக்கின் நெடும்பார்வை ‘வேவு’. நான்கு பிறவிக் குணங்களும் நான்கு பாடங்களாகிவிட்டன. பார்பேரியன் இன்னும் வழியறிதலில் உயர்வுப் படியோடுதான் தொடங்குகிறான். ஆனால் அது அவனுக்கு மட்டும் உரியதன்று. போதிய அனுபவம் பெற்ற சூனியக்காரியும் அதைக் கற்கலாம்.

நேற்றுவரை இரத்தத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒன்று, இன்று வீட்டில் முன்கூட்டியே கிடைத்த பயிற்சி மட்டுமே என்று தெரியவந்தால் எப்படி இருக்கும்? இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் தத்துவம் எழுத உட்கார்ந்தவர்கள் அல்லர். ஆட்டம் சுவையாக இருக்க வேண்டும் என்றுதான் செய்திருப்பார்கள். ஆனால் பிறப்பை முன்னிலையாகவும் கல்வியைப் பொதுவாகவும் ஆக்கினால் ஆட்டம் சுவையாகிறது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி அல்லவா?

*

1999இல் வந்த மூன்றாம் பாகம் இதை முழுமையாக்கியது. எட்டு நகரங்கள், நகருக்கு இரண்டு வகுப்புகள், ஒன்று வாளுக்கு, ஒன்று மந்திரத்துக்கு. கோட்டை நகரில் நைட்டும் குருமாரும். வெம்மை நிலத்தின் கொத்தளத்தில் பார்பேரியனும் போர் மந்திரக்காரனும். இறந்தோர் நகரில் மரண வீரனும் பிணமெழுப்பியும். பிறந்த ஊர் தொழிலைத் தீர்மானிக்கவில்லை.

ஒவ்வொரு நாயகனுக்கும் நான்கு எண்கள் உண்டு: தாக்குதல், தற்காப்பு, மந்திர வலிமை, அறிவு. நாயகன் போர்க்களத்தில் இறங்குவதில்லை. ஓரத்தில் குதிரைமேல் நின்று சுற்றுக்கு ஒரு மந்திரம் சொல்வான். அவனுடைய தாக்குதலும் தற்காப்பும் படையில் உள்ள ஒவ்வொரு வீரனின் எண்ணோடும் கூட்டப்படும். எதிரியின் தற்காப்பைவிடத் தாக்குதல் ஒரு புள்ளி மிகுந்தால் சேதம் 5 விழுக்காடு கூடும். தற்காப்பு ஒரு புள்ளி மிகுந்தால் வாங்கும் சேதம் 2.5 விழுக்காடு குறையும். ‘நான்கு பேருக்குச் சமம்’ என்ற பழைய கணக்கு இங்கே நாகரிகமடைந்திருக்கிறது. அவன் நான்கு பேராக இல்லை. நானூறு பேரில் ஒவ்வொருவருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறான்.

பார்பேரியன் நான்கு தாக்குதல், சுழியத் தற்காப்பு, ஒரு மந்திர வலிமை, ஓர் அறிவு எனத் தொடங்குவான். மிருகங்களை ஆளும் பீஸ்ட்மாஸ்டர் அதைத் திருப்பிப் போட்டவன்: தாக்குதல் சுழியம், தற்காப்பு நான்கு. விசார்டு என்ற மந்திரக்காரனுக்கு வலிமை இரண்டு, அறிவு மூன்று. வாள்பக்கம் இரண்டும் சுழியம்.

நிலை உயரும்போதெல்லாம் இந்த நான்கில் ஒன்று ஒரு புள்ளி ஏறும். எது ஏறும் என்பதைப் பகடை முடிவு செய்யும். ஆனால் பகடை நேர்மையானது அன்று. வகுப்புக்குத் தக்கபடி ஒரு பக்கம் கனத்தது. பார்பேரியனுக்குத் தாக்குதல் ஏறும் வாய்ப்பு 55 விழுக்காடு, தற்காப்பு 35, மந்திர வலிமையும் அறிவும் தலா 5. விசார்டுக்குத் தலைகீழ்: வாளுக்குத் தலா 10, மந்திரத்துக்குத் தலா 40.

இது ஒன்பதாம் நிலை வரைதான். பத்தாம் நிலையிலிருந்து பார்பேரியனின் பகடை மாறுகிறது: 30, 30, 20, 20. விசார்டின் பகடையும் மாறுகிறது: 30, 20, 20, 30. ஒன்பது படிகள் வரை பிறப்பு உரக்கப் பேசுகிறது. அதன்பின் குரல் தணிகிறது. இருபத்தைந்தாம் நிலையை எட்டிய முரடன், படிப்பாளி ஆகிவிடவில்லை என்றாலும், தொடக்கத்தில் இருந்த முரடன் அல்லன். இந்த எண்களை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறியதன்று. பிறப்பா, வளர்ப்பா என்ற பழைய வழக்குக்கு இவ்வளவு நிதானமான தீர்ப்பை நான் வேறெங்கும் எண்களில் கண்டதில்லை.

தீர்ப்பில் கறைகளும் உண்டு. சில கதவுகள் சுழியமாகவே இருக்கின்றன. பிணமெழுப்பும் கலையை நிலை உயர்வில் பெறுவது இறந்தோர் நகரத்தவர் மட்டுமே. அந்நகரத்தவருக்கோ தலைமை என்ற திறன் ஒருபோதும் முன்வைக்கப்படுவதில்லை. மன உறுதி அற்ற எலும்புப் படைக்குத் தலைமை எதற்கு என்று விதியமைத்தவர்கள் நினைத்திருக்கலாம்.

*

துணைத்திறன்கள் இம்முறை இருபத்தெட்டு. ஒவ்வொரு நிலை உயர்விலும் இரண்டு முன்வைக்கப்படும். பெரும்பாலும் ஒன்று ஏற்கெனவே கற்றதன் மேற்படி, மற்றொன்று புதியது. ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆழமா, அகலமா என்ற கேள்வியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்கும் ஆட்டம் இது. எட்டு இடம் என்ற எல்லை மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்குப் பொருளே இருந்திராது. எல்லாவற்றையும் கற்க முடிந்தால் எல்லா நாயகர்களும் முடிவில் ஒரே மனிதராகிவிடுவார்கள்.

புதியவர்கள் செய்யும் பிழை, வகுப்பின் பெயரைக் கண்டு மயங்குவது. முரடன் என்றால் முரட்டுத் திறன்களையே அடுக்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆட்டத்தை ஆழ்ந்து ஆடியவர்களின் பாடம் வேறு. பார்பேரியனின் மந்திர வலிமை ஒன்றுதான். அவன் எறியும் இடியும் நெருப்பும் எதிரியைச் சுடாது. ஆனால் எல்லா மந்திரமும் வலிமையைச் சார்ந்ததன்று. ஊர்வாயில் என்ற மந்திரம் படையை நொடியில் தன் நகரத்துக்குக் கொண்டுசேர்க்கும். அதற்கு வலிமை தேவையில்லை. நான்காம் தர மந்திரம் என்பதால் ஞானம் என்ற திறனில் இரண்டாம் படி வேண்டும். விரும்பிய நகரைத் தேர்ந்தெடுக்க நிலமந்திரக் கலையில் தேர்ச்சி வேண்டும். நிலமந்திரம் கற்றவனுக்கு அதன் செலவு 12 மந்திரப் புள்ளி. ஓர் அறிவுக்குப் பத்துப் புள்ளி என்பதால், தொடக்கத்து முரடனால் அதைச் சொல்ல இயலாது. இன்னும் ஒரே ஓர் அறிவு ஏறினால் போதும். அதற்கும் வழியோரத்தில் ஒரு தோட்டம் உண்டு. சென்று நின்றால் ஓர் அறிவைத் தந்து அனுப்பும். எதிரிப்படை முழுவதையும் தளரச் செய்யும் மந்திரமும் இதே நிலமந்திரக் கலைக்குள் வருவதுதான்.

ஆக, முரடனுக்குத் தேவை பெரிய மந்திரவாதியாவது அன்று. தன் சிறிய அறிவுக்கு எட்டக்கூடிய சரியான ஒன்றைக் கற்பது. விதியமைப்பாளர்களும் இதற்கு வழி வைத்திருந்தார்கள். மந்திர வகுப்பினருக்கு மூன்று நிலைகளுக்கு ஒருமுறையாவது ஞானம் முன்வைக்கப்பட வேண்டும். வாள் வகுப்பினருக்கு ஆறு நிலைகளுக்கு ஒருமுறையாவது. சமமாக இல்லை, ஆனால் முரடனுக்கும் கதவு தட்டப்படுகிறது. பலர் அந்தக் கதவைத் திறக்காமல் சாத்திவிடுகிறார்கள். வகுப்பு அவர்களைத் தடுக்கவில்லை; வகுப்பின் பெயர் தடுத்துவிட்டது.

*

இவ்வளவு அனுபவமும் எங்கிருந்து வருகிறது? இங்குதான் எனக்கு நெருடல் தொடங்குகிறது. மூன்றாம் பாகத்தில் போரில் கிடைக்கும் அனுபவம் என்பது கொல்லப்பட்டவர்களின் உயிர்ப்புள்ளிகளின் கூட்டுத்தொகை. முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு 1000 புள்ளி வேண்டும். ஓர் ஈட்டிவீரனின் உயிர் 10 புள்ளி. ஏறத்தாழ நூறு ஈட்டிவீரர்கள் இறந்தால் நாயகன் ஒரு படி ஏறி ஒரு திறனைக் கற்பான். பிணமெழுப்பி இன்னும் ஒரு படி மேலே போகிறான். அந்தக் கலையில் வல்லமை பெற்றவன் ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் களத்தில் வீழ்ந்தவர்களில் 30 விழுக்காட்டை எலும்புக்கூடுகளாக எழுப்பித் தன் படையில் சேர்த்துக்கொள்கிறான். கொடூரமாகத் தெரிகிறது. மற்ற நாயகர்கள் இறந்தவர்களை அறிவாக மாற்றிக்கொள்கிறார்கள். இவன் படையாகவும் மாற்றிக்கொள்கிறான். கணக்கில் வேறுபாடு அவ்வளவுதான்.

தோற்கும் தருணம் வந்தால் நாயகன் களத்தைவிட்டு ஓடலாம். படை முழுவதும் அழியும். அவன் மட்டும் சத்திரத்தில் மீண்டும் தோன்றுவான். 2500 பொன் கொடுத்தால் தன் திறன்கள் எல்லாவற்றோடும் திரும்ப வருவான். படைப்பிரிவின் காலடியில் தெரியும் எண் மட்டும் சுழியமாகியிருக்கும். ரைஸ்விட்ஸின் கட்டைகளிலிருந்து ஒருவன்தான் மனிதனாக வெளியே வந்தான். மற்றவர்கள் இன்னும் கட்டைக்குள்ளேயே இருக்கிறார்கள்.

2002இல் இருவேறு ஆட்டங்கள் இதை இருவேறு வகையில் எதிர்கொண்டன. ஹீரோஸ் நான்காம் பாகம் நாயகனைக் களத்துக்குள் இறக்கியது. அவனும் அடிபடுவான், சாவான். வகுப்பும் பிறப்போடு நிற்கவில்லை. ஒன்பது முதன்மைத் திறன்களில் ஐந்து வரை கற்கலாம்; எவற்றைச் சேர்த்துக் கற்கிறானோ அதற்கேற்ப வகுப்பின் பெயரே மாறும். கொள்கையளவில் இதுவே நியாயமான ஏற்பாடு. ஆனால் வளர்ந்த நாயகர்கள் படையே தேவைப்படாத அளவுக்கு வலுத்துவிட்டார்கள் என்ற குறை எழுந்தது. நிறுவனமும் நீடிக்கவில்லை. தாய்நிறுவனமான ‘3டிஓ’ 2003இல் திவாலாக, ஹீரோஸின் உரிமை யூபிசாஃப்ட் வசம் போனது.

அதே ஆண்டில் பிளிசார்டு வெளியிட்ட ‘வார்கிராஃப்ட்’ மூன்றாம் பாகம் நாயகனுக்குப் பத்து நிலைகளையும் நான்கு ஆற்றல்களையும் கொடுத்துப் படையின் நடுவே நிறுத்தியது. அதன் வரைபடக் கருவியைக் கொண்டு ரசிகர்கள் உருவாக்கிய ‘டோட்டா’வில் ஆட்டக்காரனின் கையில் நாயகன் மட்டுமே மிஞ்சினான். படை தானாக நடந்துபோய்ச் சாகும் பின்னணி ஆகிவிட்டது. நான்கு பேருக்குச் சமமானவன் கடைசியில் எல்லோருக்கும் பதிலானவன் ஆனான்.

மூன்றாம் பாகம் மட்டும் மறையவில்லை. ரஷ்யாவிலும் போலந்திலும் அதற்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. 2011இல் ரஷ்ய ரசிகர்கள் வெளியிட்ட ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’ என்ற விரிவாக்கம் புதிய நகரத்தையும் வகுப்புகளையும் சேர்த்தது. 2015இல் யூபிசாஃப்ட் கூர்மையான படங்களோடு ஆட்டத்தை மறுவெளியீடு செய்தபோது, விரிவாக்கங்களின் மூலநிரல் கிடைக்காததால் முதல் ஆட்டத்தை மட்டுமே தர முடிந்தது. ரசிகர்களோ தங்கள் விரிவாக்கத்தைத் தொடர்ந்து வளர்த்தார்கள்.

அண்மையில் ஒரு விடுமுறையில் மீண்டும் ஆடினேன். அதே கிராக் ஹேக். ஞானம் முன்வைக்கப்பட்ட முதல் முறையே எடுத்துக்கொண்டேன். பெட்டிகளில் பாதியைக் குடியானவர்களுக்குக் கொடுத்தேன். ஏழு இடங்கள் நிறைந்தபோது வழியில் குடிசை தெரிந்தது. அவள் என்ன கற்பிப்பாள் என்பது வெளியிலிருந்து தெரியாது. நம்மவர் ஒருவர் உள்ளே போய்வந்தால் பிறகு தெரியும். இதற்கு ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த உபாயம் ஒன்று உண்டு. சத்திரத்தில் 2500 பொன் கொடுத்து இன்னொரு நாயகனை அமர்த்தி, அவனை முதலில் அனுப்பினேன். கழுகுப்பார்வைதான். கிராக் ஹேக் குடிசையைச் சுற்றிக்கொண்டு போனான். இரண்டு நிலைகள் கழித்து நிலமந்திரம் கற்றான். ஆட்டம் வெற்றியில் முடிந்தது.

அமர்த்தப்பட்டவனை அதன்பின் சுரங்கத்துக்குக் காவலாக நிறுத்தி மறந்துபோனேன். அவனுக்கும் எட்டு இடங்கள் இருந்தன. ஒன்றை என் பொருட்டு நிரப்பிக்கொண்டு அங்கேயே நின்றான். அவன் பெயர் என்ன என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.